கப்பல் திரும்பிவிடும், நீங்கள் திரும்ப முடியுமா?

ஆறு பேருக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தார் என் நண்பர். ஐந்து பேர் கப்பலில் ஏறினார்கள். டிக்கெட் எடுத்தவர் மட்டும் காரை ஓட்டிக்கொண்டு கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து 50 மைல் தொலைவில் இருக்கும் ஹூஸ்டன் வீட்டுக்குத் திரும்பினார். ஏழு இரவுப் பயணத்துக்குக் கட்டிய பணத்தில் அவருடைய பங்கு திரும்பக் கிடைக்கவும் இல்லை.

அவர் எந்தத் தவறும் செய்தவர் அல்ல. எச்-1பி விசாவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார், ஒழுங்காக வரி கட்டுகிறார். அன்றைக்குக் கையில் வைத்திருந்த கோப்பில் எல்லாக் காகிதங்களும் பிளாஸ்டிக் உறைக்குள் தேதி வாரியாக இருந்தன. கவுன்டரில் இருந்த பெண் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பி, அதில் அச்சாகியிருந்த காலாவதித் தேதியின் மேல் விரலை வைத்தார். எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்துபோன தேதி. பிறகு நண்பருக்குப் பின்னால் நின்ற அவருடைய அம்மாவைப் பார்த்து, "அடுத்து நீங்கள் வாருங்கள்" என்றார்.

அந்த விரல் ஏன் நேராக அங்கே போய் நின்றது என்று புரிந்துவிட்டால், வெளிநாட்டவர் சொகுசுக் கப்பலில் போவதற்கான பாஸ்போர்ட், விசா விதிகளில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. இங்கே வெளிநாட்டவர் என்பது அமெரிக்காவில் படிக்கிற, வேலை செய்கிற, பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிற, ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத நம்மைத்தான்.

குழப்பம் அலுவலகத்தில் தொடங்குகிறது. உடன் வேலை பார்க்கும் அமெரிக்கரிடம் கேட்டால், "கரீபியன் கப்பலுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாமே, பிறப்புச் சான்றிதழ் போதும்" என்பார். அவர் சொல்வது உண்மைதான், அவரைப் பொறுத்தவரை. 2009 ஜூன் 1 முதல் தரை வழியாகவும் கடல் வழியாகவும் அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது அதற்கு இணையான ஆவணம் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அதில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. எந்த அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறினார்களோ அதே துறைமுகத்தில் வந்து இறங்கும் பயணமாக இருந்தால், பிறப்புச் சான்றிதழும் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையும் போதும். இப்படிப்பட்ட பயணத்தைக் கப்பல்காரர்கள் 'குளோஸ்டு லூப்' என்பார்கள்.

இந்தச் சொல்தான் நம்மவர்களை ஏமாற்றுகிறது. மதுரையில் பஸ் ஏறி ராமேசுவரம் போய்விட்டு மதுரையிலேயே வந்து இறங்குவதுபோல மனதில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. ஒரே கப்பல், ஒரே அறை, கிளம்பின இடத்திலேயே இறங்குகிறோம், இதில் நாட்டை விட்டு எங்கே போனோம் என்று தோன்றும். சட்டத்தின் கண்ணில், கப்பல் மெக்சிகோவின் ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டாலே நீங்கள் வெளிநாடு போய்விட்டு வருகிறவர். விமானத்தில் சென்னை போய்த் திரும்புகிறவரிடம் என்னென்ன கேட்பார்களோ, ஏறக்குறைய அத்தனையும் உங்களிடமும் கேட்கலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி கப்பல் எங்கே போகிறது என்பதல்ல. நான் எந்தக் காகிதத்தைக் காட்டித் திரும்ப உள்ளே வருவேன் என்பதுதான்.

நண்பர் மாட்டிக்கொண்டது விசாவுக்கும் தங்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டில். பத்து வருடம் அமெரிக்காவில் இருந்தவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். பழைய சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து படம் பார்க்கும்வரை யாரும் உங்களிடம் சீட்டுக் கேட்பதில்லை. இடைவேளைக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால், வாசலில் நிற்பவர் பாதிச் சீட்டைக் காட்டச் சொல்வார். விசா என்பது அந்த வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே எத்தனை நாள் உட்காரலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. ஒரு காலத்தில் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொடுத்த வெள்ளை அட்டை அது, இப்போது பெரும்பாலும் மின்னணுப் பதிவாக இருக்கிறது. வேலை தரும் நிறுவனம் எச்-1பி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் வரும், அதன் அடியிலேயே புதிய ஐ-94 இருக்கும். அந்தக் கடிதம் உள்ளே இருக்கும் நாட்களைத்தான் நீட்டிக்கிறது. வாசல் சீட்டைப் புதுப்பிப்பதில்லை. அதற்கு ஓர் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், நம்மவர்கள் 'ஸ்டாம்பிங்' என்று சொல்லும் வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். நண்பரின் கோப்பு முழுக்க ஐ-797 கடிதங்கள். வாசல் சீட்டு ஒன்றுதான் இல்லை.

இதற்கு ஒரு சந்து இருக்கிறது. ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்று பெயர். காலாவதியான விசாவை, திரும்பி வரும் அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியானதாக எடுத்துக்கொள்ளும் சலுகை. கனடா அல்லது மெக்சிகோவுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்புகிறவர், கையில் காலாவதியாகாத ஐ-94 வைத்திருந்தால், வெளியே இருந்தபோது புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், பழைய விசாவோடு உள்ளே வரலாம். அமெரிக்க அரசின் பட்டியலில் உள்ள சில நாடுகளின் குடிமக்களுக்கு இது கிடையாது, இந்தியர்களுக்கு உண்டு. மாணவர்களுக்கான எஃப் விசா, பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை இன்னும் கொஞ்சம் விரிகிறது. பஹாமாஸ், ஜமைக்கா, பெர்முடா, பார்படாஸ் போன்ற அண்டைத் தீவுகளுக்குப் போய் வந்தாலும் பொருந்தும், கியூபாவைத் தவிர. எச்-1பிக்காரருக்கு அந்த விரிவு இல்லை. அவருக்குக் கனடா, மெக்சிகோ இரண்டு மட்டும்தான்.

இப்போது கால்வெஸ்டனில் கிளம்பும் கப்பல்களின் வழித்தடங்களைப் பாருங்கள். நான்கைந்து நாள் பயணம் பெரும்பாலும் கோசுமெல், புரோகிரெசோ என்று மெக்சிகோவோடு நின்றுவிடும். ஏழு நாள் பயணம் என்றால் கோசுமெல்லோடு ரோவாட்டானோ பெலீஸோ சேர்ந்துகொள்ளும். ரோவாட்டான் ஹோண்டுராஸுக்குச் சொந்தமான தீவு. பெலீஸ் தனி நாடு. இரண்டுமே அமெரிக்காவோடு எல்லை தொடும் நாடுகள் அல்ல, சட்டத்தின் அண்டைத் தீவுப் பட்டியலிலும் இல்லை. நண்பர் எடுத்திருந்தது ஏழு நாள் பயணம், நடுவில் ரோவாட்டான். இந்தச் சலுகையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. கோசுமெல்லை மட்டும் பார்த்துவிட்டு மெக்சிகோ என்று எண்ணிவிட்டார்.

நான்கு நாள் பயணம் எடுத்திருந்தால் போயிருக்கலாமா? அமெரிக்கச் சட்டப்படி இடம் உண்டு. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன், மூன்று காரணம். கப்பல் நிறுவனங்களில் சில இந்தச் சலுகையை ஏற்பதில்லை. செல்லுபடியாகும் விசா இல்லாதவரை ஏற்றமாட்டோம் என்று தங்கள் நிபந்தனையில் எழுதிவிட்டால் வாதாடிப் பயனில்லை. இரண்டாவது, செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவரிடம் மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. அந்த விசாவே காலாவதியானவர், மெக்சிகோ தன்னை எப்படிப் பார்க்கும் என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது காரணம் வானிலை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். புயல் வந்தால் கப்பல் தலைவர் துறைமுகத்தை மாற்றுவார், உங்கள் விசாவை நினைத்து மாற்ற மாட்டார். மெக்சிகோ என்று ஏறியவர் ஒரு கரீபியன் தீவில் போய் நிற்க நேர்ந்தால் சந்து அடைபட்டுவிடும்.

வாசலில் தடுக்கிறவர் அரசு அதிகாரி அல்ல, கப்பல் நிறுவனத்தின் ஊழியர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நான் அமெரிக்க அதிகாரியிடமே பேசிக்கொள்கிறேன், என்னை ஏற்றிவிடுங்கள்" என்று நண்பர் கெஞ்சியது வீணானதற்கு இதுதான் காரணம். சரியான ஆவணம் இல்லாதவரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும். புறப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே பயணிகளின் விவரம் முழுவதும் எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு மின்னணு முறையில் போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும். கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் வழக்கை யோசிக்க நேரமும் இல்லை, யோசித்து ஆகப்போவதும் இல்லை. சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. பணம் திரும்பக் கிடைக்காது என்பதை டிக்கெட் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள், நாமும் படிக்காமல் சம்மதம் என்று தட்டியிருப்போம்.

மற்ற ஐந்து பேர் எப்படி ஏறினார்கள்?

நண்பரின் மனைவி எச்-4, அதாவது எச்-1பிக்காரரின் துணைக்குக் கொடுக்கும் விசா. முந்தைய ஆண்டு சென்னை போனபோது ஸ்டாம்பிங் முடித்து வந்தவர், சிக்கல் இல்லை. ஏழு வயது மகள் ஹூஸ்டனில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழே போதும் என்றாலும் பாஸ்போர்ட் எடுத்து வந்திருந்தார்கள், புத்திசாலித்தனமான காரியம். கோசுமெல்லில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்து கப்பல் கிளம்பிவிட்டால், விமானத்தில் திரும்பப் பிறப்புச் சான்றிதழ் உதவாது. தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவரிடமிருந்து நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு அது திடீரென்று தேவைப்பட்டது. கவுன்டரிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் நண்பர்.

அவருடைய அக்கா கிரீன் கார்டு வைத்திருப்பவர். அமெரிக்காவுக்குள் திரும்ப அந்த அட்டை போதும். நடுவில் தொடும் நாடுகளுக்கு நீங்கள் இன்னும் இந்தியர், அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டும் வேண்டும். கிரீன் கார்டு வந்ததும் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பயணம் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும் என்பதால், புக் செய்வதற்கு முன்பே தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

மச்சினன் எஃப்-1 மாணவர். அவருக்கு விசாவோடு, பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவமும் வேண்டும், அதில் பல்கலைக்கழக அதிகாரியின் பயணக் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்து ஒரு வருடத்துக்குச் செல்லும். படிப்பு முடித்து ஓபிடியில், அதாவது மாணவ விசாவிலேயே பயிற்சிக்காகக் கிடைக்கும் வேலை அனுமதியில், வேலை பார்ப்பவர் என்றால் ஆறு மாதம்தான். கப்பல் டிக்கெட் எடுக்கும் மாணவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான், ஏனென்றால் விமானப் பயணத்தோடுதான் அந்தக் கையெழுத்தை இணைத்து நினைத்துப் பழகியிருக்கிறார்கள்.

நண்பரின் அம்மா மதுரையிலிருந்து பி-2 விசாவில் வந்திருந்தார். இந்தியர்களுக்குக் கொடுக்கும் சுற்றுலா விசா பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு, பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்கும், ஆகவே கப்பலில் போய்த் திரும்பலாம். ஆனால் பெற்றோரைக் கப்பலில் அனுப்புவதற்குப் பின்னால் சிலருக்கு ஒரு கணக்கு ஓடுகிறது. வெளியே போய் வந்தால் ஐ-94 புதிதாகி, இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும் என்று. பக்கத்து நாட்டுக்கு நான்கு நாள் போய் வந்ததற்காகப் புதிய ஆறு மாதம் கொடுக்க அதிகாரிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பழைய தேதியையே தொடரச் சொல்லலாம். திரும்பி வந்ததும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94 தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் இல்லாத இன்னொரு வகையினர்தான் எல்லாரையும்விடக் கவனமாக இருக்க வேண்டியவர்கள். கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் அந்த விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச், எல் வகை வேலை விசாக்காரர்கள் தங்கள் விசாவோடு அதே நிலையில் திரும்பினால் விதிவிலக்கு உண்டு. கோசுமெல் கடற்கரையில் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வந்ததும் நாட்டை விட்டுப் போனதுதான். பல வருடக் காத்திருப்பை ஒரு வார விடுமுறைக்காகப் பணயம் வைக்க வேண்டாம், வக்கீலைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அலாஸ்காவுக்கு வருவோம். பனிமலை பார்க்கப் போகிறோம், அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம், சியாட்டிலும் அமெரிக்கா, பிறகு என்ன விசா என்று கேட்பார்கள். பயணத் திட்டத்தின் கடைசியில் விக்டோரியா என்று ஓர் ஊர் இருக்கும். அது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பல அங்கே மாலையில் போய்ச் சேர்ந்து, சில மணி நேரம் நின்று, இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். பயணிகளில் பாதிப் பேர் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டோ பெட்டி கட்டிக்கொண்டோ இருப்பார்கள். பிறகு எதற்காக அங்கே நிற்கிறது என்றால், 1886-இல் போட்ட ஒரு சட்டத்துக்காக. வெளிநாட்டில் பதிவான கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது பயணிக் கப்பல் சேவைச் சட்டம். இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா என்று வேறு நாடுகளில் பதிவானவை. ஆகவே விக்டோரியா கட்டாயம். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போகும் கப்பல் சம்பந்தமே இல்லாமல் மெக்சிகோவின் என்செனாடாவில் நின்று வருவதும் இதே காரணத்தால்தான். கோவிட் காலத்தில் 2021-இல் கனடா துறைமுகங்களை மூடியபோது அலாஸ்கா கப்பல்களே ஓட முடியாமல்போய், அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆக, அலாஸ்கா பார்க்கப் போகும் இந்தியருக்குக் கனடா விசா வேண்டும். "நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்" என்ற பேச்சு கவுன்டரில் எடுபடாது. பயணத் திட்டத்தில் உள்ள எல்லாத் துறைமுகத்துக்கும் ஆவணம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். கனடாவின் விசாக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. அமெரிக்காவிலிருந்தே விண்ணப்பிக்கலாம், எத்தனை நாளில் வரும் என்பதுதான் நிச்சயமில்லாதது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குக் கனடா விசா தேவையில்லை, 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் சேர்த்துக் காட்டினால் போதும். கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்கும் பயணங்களுக்கும் இதேதான்.

விசா காலாவதியாகி, இந்தியா போகவும் நேரமில்லாமல், கப்பலில் போயே தீர வேண்டும் என்று வீட்டில் நச்சரிப்பு தாங்காதவர்களுக்கு ஒரு வழி சொல்லுகிறேன். பிரைட் ஆஃப் அமெரிக்கா என்று ஒரு கப்பல் இருக்கிறது. அமெரிக்காவிலேயே பதிவான பெரிய சொகுசுக் கப்பல் என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். ஹோனலுலுவில் கிளம்பி ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும். எந்த வெளிநாட்டையும் தொடாததால் நாட்டை விட்டு வெளியேறும் கேள்வியே எழுவதில்லை. விலை மட்டும் கரீபியனைவிட உறுத்தும்.

வேறு கடல்களிலும் கேள்வி இதேதான், கதவு மட்டும் வேறு. பார்சிலோனாவில் ஏறி இத்தாலி, கிரீஸ் என்று போகும் கப்பலுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசா ஒன்று போதும். அதே கப்பல் இஸ்தான்புல் போய்விட்டு ஏதென்ஸ் திரும்பினால், நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசா வாங்கியவர் ஏதென்ஸில் சிக்கிக்கொள்வார், அல்லது அதற்கு முன்பே பார்சிலோனாவில் ஏற்றாமல் விடுவார்கள். விண்ணப்பத்தில் பல முறை நுழைவு என்பதைக் கேட்டு வாங்குங்கள், கப்பலின் பயணத் திட்டத்தையும் இணையுங்கள். குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, பக்கத்தில் இருக்கும் மாண்டினீக்ரோ வரவில்லை. பழைய வரைபடத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் போகும் சிங்கப்பூர்க் கப்பல்களும் இப்படித்தான். பினாங்கு போய்விட்டு வரும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது என்பதால் பினாங்கைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைந்துவிட்டார்கள். சிங்கப்பூர் விசா இரண்டாம் நுழைவுக்கும் செல்லுமா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி அது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, இயற்பெயர்க் கட்டத்தில் எஃப்-என்-யு என்று மூன்று எழுத்தை அடித்துவிடுவார்கள். இயற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கப்பல் நிறுவனத்தின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை அடிப்பார், மகன் அமெரிக்க வழக்கப்படி அம்மாவுக்குத் தன்னுடைய கடைசிப் பெயரைப் போட்டுவிடுவான். கவுன்டரில் பெயர் பொருந்தாது. நான் செய்வது இது: விசாவில் இருப்பதை அப்படியே பதிவு செய்துவிட்டு, நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்பதைப் பதிவில் குறிப்பாக எழுதச் சொல்லி, யாரிடம் எந்தத் தேதியில் பேசினேன் என்று தாளில் குறித்து வைத்துக்கொள்வேன். அரை மணி நேரம் காத்திருப்பு இசை கேட்க வேண்டியிருக்கும்.

சரி, "அடுத்து நீங்கள்" என்று கூப்பிடப்பட்ட அம்மா. அவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். புத்தம் புதியது, ஆறு மாதம் முன்பு மதுரையில் வாங்கியது. விசாப் பக்கத்தைத் தேடிய அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் காலாவதியாகி அதன் மூலையை வெட்டிக் கொடுத்துவிட்டாலும், அதில் ஒட்டிய அமெரிக்க விசா சேதமில்லாமல் இருந்தால் அது செல்லும், புதியதையும் பழையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரு ரப்பர் பேண்டில் சேர்த்து மகன் கொடுத்திருந்தார். "மூலை வெட்டினது எதுக்கு" என்று அம்மா பழையதை எடுத்துத் தன் பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். பெட்டியைக் கார் நிறுத்தத்திலேயே சுமைத் தொழிலாளர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி அது மாலையில் அறை வாசலுக்குத்தான் வரும்.

வரிசையை விட்டு வெளியே ஓடியது, கப்பலில் ஏற முடியாது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கேட்ட அதே மகன்தான். நூற்றுக்கணக்கான பெட்டிகள் அடுக்கிய இரும்புக் கூண்டு வண்டிகளுக்கு நடுவே, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய நீலப் பெட்டியைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஊழியர் ஒருவர் பொறுமையாகக் கூடவே வந்தார். பாஸ்போர்ட்டை அம்மாவிடம் கொடுத்து, கைப்பையின் ஜிப்பைத் தானே இழுத்து மூடிவிட்டு, நண்பர் கார் நிறுத்தத்துக்கு நடந்தார். அந்தத் தேடலில் தன்னுடைய பெட்டியைக் கேட்டு வாங்க அவருக்கு நினைவு வரவில்லை. அது கோசுமெல்லும் ரோவாட்டானும் போய்விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது.